உருவம் உங்கடை, கொளுக்கி என்ரை

நகை செய்விக்க வருகிறவர்கள் முன்பெல்லாம் பவுண் கணக்கோடு வருவார்கள். இப்போது படத்தோடு வருகிறார்கள். கைபேசியைத் திறந்து நீட்டினால் அதற்குள் ஒரு டிராகன் இருக்கும். செத்துப்போன நாயின் முகம் இருக்கும். ஏதோ ஒரு கொம்பியூட்டர் விளையாட்டில் வரும் வாள் இருக்கும். ஒருவர் பழைய கணினியிலிருந்து கழற்றிய பச்சைப் பலகைத் துண்டை லேஞ்சியில் சுற்றிக்கொண்டு வந்தார். "பத்தர், இதைப் பென்ரனாக்கித் தரேலுமோ?"

மானிப்பாயில் எங்கள் பட்டறை அப்பாவின் காலத்தில் தாலி, கொடி, அட்டியல், காப்பு, தோடு என்று ஓடியது. கலியாண நாள்கள்தான் எங்களுக்கு நாட்காட்டி. இன்றைக்கும் வீட்டில் உலை கொதிப்பது அந்த வேலையால்தான். ஆனாலும் இந்த மற்ற வேலையை நான் தட்டிக் கழிப்பதில்லை. கன்னாதிட்டியில் பட்டறை வைத்திருக்கும் கூட்டாளிகள் சிலர் "உனக்கேன் உந்த விசர் வேலை?" என்று கேட்பார்கள். விசர் வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொன்னுக்கு அது புதிதல்ல.

அப்பா எனக்குப் படம் கீறப் பழக்கியது கோயில் வாகனங்களைப் பார்த்து. சித்திரை வருடப்பிறப்பன்று மருதடிப் பிள்ளையாருக்குத் தேர். அதற்கு முந்திய திருவிழா நாட்களில் ஊர் சுவாமியைப் பார்க்கும். நாங்கள் சுவாமிக்குக் கீழே இருப்பதைப் பார்ப்போம். எலி, மயில், அன்னம், இடபம், குதிரை, யாளி. யாளியைத்தான் அப்பா திரும்பத் திரும்பக் கீறச் சொல்வார். சிங்கத்தின் உடம்பு, யானையின் துதிக்கை, ஆட்டுக்கடாவைப் போல ஒரு முறைப்பு. "எந்த மிருகத்தையும் எதோடையும் சேர்க்கலாம். சேருற இடத்தை மட்டும் ஒரு மயிராலை மூடிவிடு" என்பார். யாளியின் பிடரிமயிர் அலங்காரத்துக்கு மட்டும் வைத்ததல்ல, இரண்டு மிருகங்களை ஒட்டிய தழும்பை மறைக்க வைத்தது என்று அப்போதுதான் விளங்கியது.

பல வருடம் கழித்து அது கைகொடுத்தது. 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' பார்த்துப் பித்துப்பிடித்த பல்கலைக்கழகப் பெடியன் ஒருவன், செட்டை விரித்த டிராகன் ஒன்று விரலில் நிற்க வேண்டும் என்றான், வெள்ளியில். படத்தில் அது வடிவு. விரலில் விரித்த செட்டை எதைத் தொட்டாலும் கொளுவும்: சட்டைப் பை, துவாய், மோட்டார் சைக்கிளின் கிளச் வயர். ஆகவே செட்டையை மடித்து விரலோடு படியவைத்தேன். வாய்க்கு மகரத்தின் வாயை எடுத்தேன். கழுத்து உடம்போடு சேருமிடத்தில் யாளியின் மயிரைச் செதிலாக்கினேன். பெடியன் பார்த்துவிட்டு, "அண்ணை, நாடகத்திலை வாறதை விட உயிராயிருக்கு" என்றான். அது உயிராயிருக்கும்தான், எங்கள் கோயில்களில் எத்தனையோ தலைமுறையாக நின்று பழகிய உயிர் அது.

யாழ்ப்பாணத்தில் இப்படியான வாடிக்கையாளர் பெருகியதற்கு ஒரு காலம் சொல்லலாம். 2012இல் யாழ் ஐ.ரி. ஹப் 'யாழ் கீக் சலஞ்ச்' என்ற போட்டியைத் தொடங்கியது. அதற்கு முன் கணினியோடு மாரடிக்கும் பிள்ளையை ஊர் பார்த்த பார்வை வேறு, பிறகு பார்த்த பார்வை வேறு. மென்பொருள் வேலைச் சம்பளம் உள்ளூரிலேயே கைக்கு வரத் தொடங்க, அந்தப் பிள்ளைகள் அம்மா தெரிந்து தந்த டிசைனை விட்டுத் தங்கள் ஆசையைச் சொல்லத் தொடங்கினார்கள். அப்படி வந்த ஒரு பிள்ளை கேட்டது பிள்ளையாரின் எலி, தோடாக. ஆனால் வால் யூ.எஸ்.பி. கேபிளாக நீள வேண்டும். நான் வாலைக் கீழே தொங்கவிடாமல் மேலே வளைத்தேன். காது ஓட்டைக்குள் போகும் கம்பியே வால். பின்னால் வந்து பூட்டும் இடம் கேபிளின் தலை. தனியாக ஒரு கொளுக்கி ஒட்டத் தேவை வரவில்லை, ஒட்டு குறைந்தால் உடைவும் குறையும்.

இந்த வகையில் எனக்கு அதிகம் பிடித்த வேலை ஒரு பஞ்சாயுதம். பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த பிறகு பஞ்சாயுதம் போடுவது எங்கள் வழக்கம். சங்கு, சக்கரம், கதை, வாள், வில் என்ற ஐந்தையும் ஒரு சின்னப் பதக்கத்தில் பொறித்துச் சங்கிலியில் கோத்துவிடுவோம். மணிமேகலையில் வரும் ஐம்படைத்தாலிதான் இதன் முப்பாட்டன். ரொறன்ரோவிலிருந்து வந்த தகப்பன் ஒருவர், முதல் பிள்ளைக்கு இதைச் செய்யக் கேட்டார். ஐந்து ஆயுதமும் தான் சொல்கிறவையாக இருக்க வேண்டும் என்றார். தோரின் சுத்தியல், கப்டன் அமெரிக்காவின் கேடயம், ஸ்டார் வார்ஸின் ஒளிவாள், லெகொலாசின் வில், ஹரி பொட்டரின் மந்திரக்கோல். கூட வந்திருந்த அம்மம்மா கதிரையிலிருந்து எழும்பியே விட்டார்.

நான் ஒரு தாளில் இரண்டு வரிசையாகக் கீறிக் காட்டினேன். கதைக்கு எதிரே சுத்தியல். வாளுக்கு எதிரே ஒளிவாள். வில்லுக்கு வில். எறிந்தால் சுற்றிப்போய் அடித்துவிட்டுக் கைக்கே திரும்பி வரும் அந்த வட்டக் கேடயம் சக்கரத்துக்கு எதிரே தானாகப் போய் நின்றது. சங்குக்குத்தான் சோடி கிடைக்கவில்லை. மந்திரக்கோலை அதற்கு எதிரே வைத்தால் ஒட்டவில்லை. அம்மம்மா தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "சங்கு ரெண்டு பக்கமும் இருக்கட்டும். மற்றதுகள் ஆர் காத்தாலும் பிள்ளைக்குக் காவல்தானே" என்று தீர்ப்புச் சொன்னார். முன்பக்கம் திருமாலின் ஐந்து, பின்பக்கம் தகப்பனின் நான்கும் ஒரு சங்கும். பின்பக்கத்தில் எதையும் மேலெழும்ப விடாமல் உள்ளே வெட்டி, விளிம்பெல்லாம் மழுக்கினேன். முப்பத்தொரு நாள் பிள்ளையின் நெஞ்சில் கிடப்பது அந்தப் பக்கம்.

தொழில்நுட்பம் பட்டறைக்குள் வந்தது இந்தப் பெடியளோடுதான் என்று நினைத்தால் அது சரியில்லை. 1990 ஆனியில் சண்டை மூண்டதும் குடாநாட்டில் கரண்ட் நின்றது. பொருளாதாரத் தடையில் பற்றரியும் இல்லை, எரிபொருளும் இல்லை. இரவில் ஜாம் போத்தல் விளக்கு. செய்தி கேட்கச் சைக்கிள் டைனமோ: சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி ஒருவர் பெடல் மிதிக்க, மற்றவர்கள் ரேடியோவைச் சுற்றியிருந்து பி.பி.சி. தமிழோசை கேட்போம். மிதிக்கிறவர் களைத்தால் லண்டனும் களைத்துவிடும். டைனமோ தருவது 6 வோல்ட், 3 வாட், அதுவும் மாறோட்டம். ரேடியோவுக்கு நேரோட்டம் வேண்டும். நாலு டையோட்டும் ஒரு கொண்டென்சரும் கிடைத்தால் காரியம் முடிந்தது. அவை செத்த ரேடியோக்களின் வயிற்றிலிருந்து வரும். ஒட்டிக்கொடுக்க ஆள் வேண்டும். ரேடியோ திருத்துகிறவருக்குக் கரண்ட் இல்லாமல் சோல்டரிங் அயன் சூடாகாது. எங்களுக்கு ஊதுகுழல் இருந்தது.

அப்படித்தான் நான் எலக்ட்ரோனிக்ஸுக்குள் போனேன். ஆனால் அப்பா ஒரு சட்டம் போட்டார்: ரேடியோ வேலை பட்டறைக்குள் கூடாது, பின் விறாந்தையில்தான். குறடு வேறு, அரம் வேறு, கரிக்கட்டி வேறு. காரணம் ஈயம். பழைய ரேடியோ ஒட்டெல்லாம் ஈயமும் வெள்ளீயமும் கலந்தது. 180 பாகை சொச்சத்தில் உருகிவிடும். பொன் உருகுவது 1064 பாகையில். நாங்கள் வெண்காரம் போட்டுப் பொடி என்ற நகை ஒட்டை உருக்குவது அதற்குச் சற்றுக் கீழே. அரத்தூளில் கிடக்கும் ஒரு துளி ஈயம் நகையில் பட்டு, அந்தச் சூட்டுக்குப் போனால் பொன்னைக் குழிகுழியாகத் தின்னும். தப்பிய பொன்னும் நொறுங்கும். தங்கத்தைக் கெடுக்க அமிலம் தேவையில்லை, ஒரு சிட்டிகை ஈயம் போதும். ஐரோப்பாவில் 2006இலிருந்து மின்சாதனங்களில் ஈய ஒட்டைக் கட்டுப்படுத்திவிட்டார்கள். பிறகு வந்த பலகைகளில் வெள்ளீயம்தான் பெரும்பங்கு. அதுவும் பொன்னுக்கு ஆகாது. 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் தென்மராட்சிக்கு நடந்தபோது சின்னச் சாமான்களை இரண்டு பொதியாகக் கட்டியதும் இதனால்தான். அந்த ஓட்டத்திலும் அப்பா குறடுகளைக் கலக்க விடவில்லை.

லேஞ்சியில் வந்த அந்தப் பச்சைப் பலகைக்கு அந்தச் சட்டம் உதவியது. பலகை என்பது கண்ணாடி நாரும் பிசினும். வாளால் அறுத்தால் கண்ணாடித் தூள் பறக்கும். முகக்கவசம் கட்டி, தண்ணீர் சொட்டவிட்டு அறுக்க வேண்டும். அறுத்த விளிம்பு தோலில் உரசினால் கடிக்கும், ஆகவே பிசின் பூசி மூட வேண்டும். பிறகு வெள்ளிக் கூட்டை முழுதாக ஒட்டி, கழுவி, மினுக்கி முடித்த பிறகே பலகையை உள்ளே வைத்து, கல் கட்டுவது போல விளிம்பை மடக்கிப் பிடிக்கலாம். அதற்குப் பிறகு அந்த நகை நெருப்பைக் காணக் கூடாது. பின்னால் சங்கிலி வளையம் அறுந்தால் என்ன செய்வது என்று முதலே யோசிக்க வேண்டும்: வளையத்தைக் கூட்டோடு ஒட்டாமல் ஒரு குழாய் வைத்து, கோர்க்கிற மாதிரிச் செய்தேன். அறுந்தால் நெருப்பில்லாமல் மாற்றலாம்.

அந்த வேலை நாலு பேர் கண்ணில் பட, பெடியள் சிலர் உரப்பையில் பழைய பலகைகளைக் கட்டிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். "பத்தர், இதுக்குள்ளை தங்கம் கிடக்காம். எடுத்துப் பங்கு பிரிப்பம்." கிடக்கிறது, பொய்யில்லை. டோக்கியோ 2020 ஒலிம்பிக்கின் பதக்கங்கள் எல்லாம் ஜப்பான் மக்கள் கொடுத்த பழைய மின்சாதனங்களில் இருந்துதான் வந்தன. 62 இலட்சம் கைபேசிகளும் அதில் அடக்கம். கிடைத்த பொன் 32 கிலோ. பிரிட்டனின் றோயல் மின்ட் 2024இல் வேல்சில் ஒரு ஆலையே திறந்து, கழிவுப் பலகைகளிலிருந்து பொன் எடுத்துத் தன் நகை வரிசைக்குப் பாவிக்கிறது. அதே வருடம் சூரிச்சின் ஈ.ரி.எச். பல்கலைக்கழகத்தார் செய்த வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பாற்கட்டி செய்யும்போது மிஞ்சும் தண்ணீரில் உள்ள புரதத்தால் ஒரு பஞ்சு செய்தார்கள். பலகையின் உலோகங்களை அமிலத்தில் கரைத்து, அந்தப் பஞ்சைப் போட்டால் பொன் அதில் தொற்றிக்கொள்ளும். சூடாக்கி உருக்கினால் மணி. இருபது மதர்போர்ட்டுக்குக் கிடைத்தது 450 மில்லிகிராம். அந்த மணியில் 91 வீதம் பொன், மிச்சம் பெரும்பாலும் செம்பு. அதாவது 22 காரட். எங்கள் உரைகல்லுக்குப் பழக்கமான மாற்று!

கணக்கைப் பெடியளுக்குப் போட்டுக் காட்டினேன். பவுண் என்றால் 8 கிராம். சூரிச் ஆய்வுகூடத்தின் கையாலேயே ஒரு பவுண் எடுக்க முந்நூற்றைம்பது மதர்போர்ட்டுக்கு மேல் வேண்டும். நாங்கள் எடுப்பதென்றால் நைத்திரிக்கமிலமும் ஐதரோகுளோரிக்கமிலமும் கலந்த அரச நீர் வேண்டும். அதில் கிளம்பும் மண்ணிறப் புகை நெஞ்சைப் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மிஞ்சுகிற அமிலத்தை எங்கே ஊற்றுவது? எங்கள் குடாநாட்டுக்கு வற்றாத ஆறில்லை. மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல், அதன் வெடிப்புகளுக்குள் நன்னீர். வளவில் ஊற்றினால் அது பக்கத்து வீட்டுக் கிணற்றில் எழும்பும். சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து சனம் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் நாங்கள். பெடியளுக்கு அது விளங்கியது. உரப்பைகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவன் மட்டும் ஒரு வடிவான பலகையை விட்டுவிட்டு, "அக்காவுக்குப் பென்ரன்" என்றான்.

மிருகத்துக்கும் கணினிக்கும் நடுவே வந்த வேலை ஒன்றைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். சண்டிலிப்பாயிலிருந்து ஒரு அக்கா. தீபாவளி வெடிச் சத்தத்துக்கு அவருடைய நாய் ஒவ்வொரு வருடமும் வேலி பாய்ந்து ஓடிவிடும். வெளிநாட்டில் நாய்களுக்குத் தோலுக்குக் கீழே அரிசி மணியளவில் ஒரு சில்லு போடுவார்கள். கருவியை மேலே பிடித்தால் பதினைந்து இலக்கம் வரும். இங்கே அந்தக் கருவியோடு தெருவில் ஆர் நிற்கப்போகிறார்கள்? ஆனால் எல்லார் கையிலும் கைபேசி இருக்கிறது. கழுத்துப் பட்டியில் தொங்க வெள்ளியில் ஒரு கியூ.ஆர். கோடு வேண்டும் என்றார்.

1994இல் ஜப்பானில் வாகன உதிரிப்பாகங்களை இனங்காண்பதற்காகப் பிறந்தது அந்தக் கோடு. அதன் ஆகச் சின்ன உருவம் 21க்கு 21 கட்டம். பத்து இலக்கத் தொலைபேசி எண்ணை மட்டும் எழுதினால், பழுது திருத்தும் வலுவை ஆக உச்சத்தில் வைத்தாலும் அந்தச் சின்ன உருவத்துக்குள் அடங்கும். அந்த உச்சத்தில், சுமார் 30 வீதம் சிதைந்தாலும் கைபேசி வாசித்துவிடும். மண்ணில் உருளுகிற, கல்லில் உரசுகிற ஒரு சீவனின் கழுத்துக்கு அது அவசியம். பெயரையும் முகவரியையும் சேர்க்க அக்கா ஆசைப்பட்டார். சேர்த்தால் கட்டம் கூடும், கட்டம் சின்னதாகும், வாசிப்பது கடினமாகும் என்று சொல்லி எண்ணோடு நிறுத்தினோம். சுற்றிவர நாலு கட்ட அகலத்துக்கு வெறும் விளிம்பும் விட வேண்டும், இல்லாவிட்டால் கோடு எங்கே தொடங்குகிறதென்று கைபேசிக்குப் பிடிபடாது. ஒரு கட்டம் ஒரு மில்லிமீற்றர் என்றால் மொத்தம் 29 மில்லிமீற்றர்ச் சதுரம்.

என் பெறாமகள் அதைக் கணினியில் கீறி, கறுப்புக் கட்டங்கள் பள்ளமாகவும் வெள்ளைக் கட்டங்கள் மேடாகவும் வரும்படி அச்சு எடுத்து, வெள்ளியில் வார்ப்பித்துத் தந்தாள். கைபேசிக்கு அது பிடிபடவில்லை; பள்ளமும் வெள்ளி, மேடும் வெள்ளி. அதற்கு எங்களிடம் பழைய மருந்து உண்டு. அவித்த முட்டையின் மஞ்சட் கருவை நசித்து, வெள்ளியோடு ஒரு மூடின டப்பாவுக்குள் வைத்தால் முட்டையிலிருந்து கிளம்பும் கந்தக வாயு வெள்ளியைக் கறுக்க வைக்கும். முழுவதும் கறுத்த பிறகு மேட்டை மட்டும் உரஞ்சி எடுத்தேன். இங்கேதான் கை தன் பழக்கத்தை விட வேண்டியிருந்தது. நகைக்காரன் கை மினுக்கத்தான் துடிக்கும். மினுக்கினால் வெயில் தெறித்துக் கமெராவின் கண் கூசும். ஆகவே நைஸ் அரத்தாளால் ஒரே திசையில் தேய்த்து மங்கலாகவே விட்டேன். பட்டியில் மாட்டும் வளையத்தை வெள்ளியில் செய்யவில்லை. நாயின் ஆட்டத்துக்கு வெள்ளி தேய்ந்துபோகும் என்று உருக்கு வளையம் போட்டேன். அக்காவுக்கு அது வடிவில்லை என்று குறை. அடுத்த தீபாவளிக்கு நாய் உடுவில் வரை போய், யாரோ எடுத்த அழைப்பில் வீடு திரும்பியது. உருக்கு வளையத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவர் கதைக்கவில்லை.

கெட்டிக்கார மோதிரங்களும் வரத் தொடங்கியிருக்கின்றன. விரலில் போட்டால் நாடித்துடிப்பும் நித்திரையும் கணக்கெடுக்கும். பின்லாந்தின் ஊரா முதலில் பேர் எடுத்தது, 2024இல் சாம்சங்கும் இறங்கியது. மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழில் படிப்பித்த கிறீன் வைத்தியர் இருந்த மானிப்பாய்க்கு இது வந்தது அதிசயமில்லை. வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்புவார். தகப்பனின் விரலுக்கு இறுகும். "பத்தர், கொஞ்சம் பெருப்பிச்சுத் தாங்கோ." பொன் மோதிரம் என்றால் வெட்டி, துண்டு வைத்து, ஒட்டிக் கொடுக்கலாம். இது டைட்டேனியம். காற்றில் சூடாக்கினால் ஒட்சிசனோடு சேர்ந்து கெட்டுப்போகும், எங்கள் பொடி அதில் பிடிக்காது. உள்ளே லிதியம் பற்றரி வேறு. நெருப்பைக் கிட்டக் காட்டவே கூடாது. மேலே தங்கத் தகடு போர்த்தித் தரச் சிலர் கேட்பார்கள். வெளிப்பக்கத்தில் போர்த்தலாம், உள்ளே ஒளி விட்டு இரத்தத்தை வாசிக்கும் இடத்தை மூடினால் அது வெறும் வளையம்.

மோதிரம் விரலில் இறுகிப்போனால் ஊரில் முதலில் ஓடிவருவது எங்களிடம்தான். நூலைச் சுற்றி வீக்கத்தை அமுக்கிக் கழற்றப் பார்ப்போம், முடியாவிட்டால் வெட்டுவோம். பொன் லேசில் வெட்டுப்படும். 2025இல் வெளிநாட்டுத் தொழில்நுட்ப யூடியூபர் ஒருவரின் விரலில் இப்படியொரு மோதிரத்தின் பற்றரி வீங்கி, ஆஸ்பத்திரியில் கழற்றியதாகச் செய்தி வந்தது. அதிலிருந்து நான் ஒரு விதி வைத்திருக்கிறேன்: பற்றரி உள்ள மோதிரத்தை என் பட்டடையில் வெட்ட மாட்டேன், நேரே ஆஸ்பத்திரிதான்.

வேண்டாம் என்று சொல்கிற இன்னொரு வகை, மிருகத்தின் உடம்பிலிருந்து எடுத்தது. யானைவால் மயிர் கோத்த மோதிரம், சிறுத்தை நகம், யானை முத்து. விறைப்பான ஆள்கள் மடியிலிருந்து எடுத்து இரகசியமாகக் காட்டுவார்கள். யானை முத்தோடு பிடிபட்டவர்களின் செய்தி பத்திரிகையில் அடிக்கடி வருகிறது. வனசீவராசிகளைக் காக்கும் சட்டம் 1937 தொடக்கம் இந்த நாட்டில் உண்டு. அந்த நகத்தில் பாதி எருமைக் கொம்பில் செதுக்கியது என்பது வேறு கதை. நகம் வேண்டுமென்றால் பொன்னில் செய்து தருகிறேன் என்பேன். பொன்னில் செய்த நகத்துக்கு எந்தச் சிறுத்தையும் சாக வேண்டியதில்லை.

உயிரோடிருக்கும் மிருகத்தைச் செய்வதுதான் கடினமான வேலையும் சுகமான வேலையும். நெடுந்தீவில் பிறந்து வெளிநாட்டில் வளர்ந்த ஒரு பிள்ளை, அந்தத் தீவின் காட்டுக் குதிரையைப் பென்ரனாகக் கேட்டாள். ஒல்லாந்தர் காலத்து மிச்சம் என்று ஊர் சொல்லும் குதிரைகள். கட்டையான உடம்பு, குனிந்து புல் மேயும் தலை. பெறாமகள் திரையில் கீறிய குதிரையைப் பார்த்தால் நரம்பு கூடத் தெரிந்தது. "பெரியப்பா, எப்பிடி?" என்றாள். திரையில் குதிரை ஆட்டுக்குட்டியளவு இருந்தது. கையில் வரப்போவது புளியங்கொட்டையளவு. அந்த அளவில் நாலு காலும் நாலு ஊசி. சட்டையில் கொளுவும், வளையும், கடைசியில் ஒன்று முறியும். காலைத் தடிப்பாக்கினால் குதிரை நாயாகிவிடும்.

இரண்டு பேரும் வாக்குவாதப்பட்டோம். அவள் சொல்வது 0.8 மில்லிமீற்றர் போதும் என்று; நான் சொல்வது மினுக்கும்போது தேய்வதையும், வார்த்துக் குளிரும்போது சுருங்குவதையும் சேர்த்துப் பார் என்று. பிறகு அவளே வழி கண்டாள். நெடுந்தீவுக் காணிகளுக்கு வேலி பவளக்கல். குதிரைக்குப் பின்னால் அந்தக் கல்வேலியை ஒரு துண்டு நிறுத்தி, நாலு காலையும் அதில் சாய்த்தாள். கால் மெல்லிசாகவே இருந்தது, தாங்குவது வேலி. வளையத்தையும் குதிரையின் முதுகில் வைக்காமல் வேலியின் உச்சியில் வைத்தாள். அச்சு எடுத்த பிசின் உருவை வார்ப்புக்குக் கொழும்பு செட்டியார் தெருவுக்கு அனுப்பினோம். திரும்பி வந்தபோது உடம்பெல்லாம் அச்சு இயந்திரத்தின் படிக்கோடு. அதை அரத்தால் எடுத்து, பிடரியில் உளியால் நாலு கீறு போட்ட பிறகுதான் குதிரைக்கு மயிர் முளைத்தது.

பெறாமகள் பட்டறைக்குள் வந்த புதிதில் நான் பயந்தது ஒன்று, அவள் பயந்தது ஒன்று. இயந்திரம் என் கையைத் தின்றுவிடும் என்று நான். ஊதுகுழல் தன் முகத்தைச் சுட்டுவிடும் என்று அவள். இரண்டும் நடக்கவில்லை. இப்போது பொடி வைத்து ஊதுவது அவளுக்குத் தண்ணிபட்டபாடு; கொம்பியூட்டரில் ஒரு மோதிரத்தைத் திருப்பிப் பார்க்க எனக்கும் தெரியும். ஆனால் சின்ன உருவுக்கு எவ்வளவு தடிப்பு என்ற சண்டை மட்டும் தீரவில்லை. அது தீரக் கூடாது என்பது என் எண்ணம்.

திருத்த வேலைக்குத் திரும்பி வருகிறவற்றைப் பார்த்தால் என் பக்கம் நியாயம் இருக்கும். டிராகனின் தலை உடைந்து வந்ததில்லை. சுத்தியலும் கேடயமும் தேய்ந்து வந்ததில்லை. வருவதெல்லாம் வாய் திறந்த வளையம், வளைந்த தோட்டுத் தண்டு, புரி தேய்ந்த சுரை, இழுபட்ட சங்கிலி நுனி. நாலு தலைமுறைத் தோடானாலும் நேற்று வந்த எலித் தோடானாலும் பழுதாகுமிடம் ஒன்றுதான்: நகை உடம்போடு சேருமிடம். ஆகவேதான் வருகிற எல்லாருக்கும் முதலிலேயே சொல்லிவிடுவேன்: "உருவம் உங்கடை விருப்பம். கொளுக்கி என்ரை பொறுப்பு. அதிலை கை வைக்காதேங்கோ." கூலியைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பார்கள். ஒருவருக்கும் தெரியாத வளையத்துக்கு ஏன் இவ்வளவு என்பார்கள். ஒருவருக்கும் தெரியாமல் இருப்பதற்குத்தான் அவ்வளவு.

விலையும் இந்த விசர் வேலைக்கு ஒரு வகையில் உதவுகிறது. 2025 ஒக்டோபரில் உலகச் சந்தையில் பொன் அவுன்சுக்கு 4,000 டொலரைத் தாண்டியது. அவுன்ஸ் என்றால் நாலு பவுணுக்குக் கொஞ்சம் குறைவு. பத்துப் பவுணில் அட்டியல் செய்த வீட்டார் இப்போது மூன்று பவுணில் கேட்கிறார்கள். இளசுகள் வெள்ளிக்கு மாறுகிறார்கள். வெள்ளியில் ஆசைக்கு விளையாடலாம், தோற்றாலும் வீடு விற்க வேண்டியதில்லை.

இப்போது ஒரு நண்டு வந்து நிற்கிறது. யாழ்ப்பாணத்துக் களப்பு நண்டு, இரண்டு கொடுக்கும் எட்டுக் காலும் ஆட வேண்டும், கையில் எடுத்தால் காலை உதற வேண்டும், 22 காரட்டில். பத்து மூட்டுக்கும் பத்து ஆணி. 22 காரட் மெதுவான பொன். பத்தும் வடிவாக ஆடும், பிறகு பத்தும் தேய்ந்து கழலும். 18 காரட்டில் செய்தால் நிற்கும் என்று பெறாமகள் கணக்கோடு சொல்கிறாள். கேட்டவருக்கு அது சரி, அவருடைய தாய்க்குச் சரியில்லை: "பதினெட்டை ஆர் பவுண் எண்டு மதிப்பினம்?" உடம்பை 22இலும் ஆணியை மட்டும் 18இலும் வைப்போம் என்று நான் ஒரு வழி சொல்லியிருக்கிறேன். வீட்டில் கதைத்துவிட்டு வருகிறோம் என்று போனார்கள். தாய் வந்து தலையாட்டட்டும், முற்பணமும் வரட்டும். அதற்குப் பிறகுதான் நண்டுக்கு முதற் கால்.